டிராம் தடத்தில் அவர்கள், லாரித் தடத்தில் நாம்

சர்க்கரை, பிரஷர், முட்டிவலி எதுக்குப் போனாலும் டாக்டர்கள் சொல்வது ஒன்றுதான்: "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா." எங்கே நடக்கிறது? அரியலூர் பக்கம் விடியும் முன்பே சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் வரிசை கட்டிவிடும். பெரம்பலூரிலோ நாலுவழிச் சாலை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எத்தனை தூரம் போவது? ஆம்பிளைகளாவது டீக்கடை வரை போய் வருகிறார்கள். பெண்களில் பலர் மொட்டை மாடியில் எட்டு போட்டு நடந்து முடித்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மில்வாக்கி, கிளாட்ஸ்டன் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு டிராம் தடம். 1968-ல் வண்டி நின்றுபோனது. முப்பது வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்த அந்த நிலத்தை 2001-ல் அங்குள்ள பொது அமைப்புகள் விலைக்கு வாங்கின. 2012-ல் சுமார் 10 கி.மீ. நடைபாதையாகத் திறந்துவிட்டார்கள். டிராம் செங்குத்தாக ஏறாது. அதனால் தடம் மட்டமாக இருக்கும். முட்டிவலிக்காரர்களுக்கு இதைவிட என்ன வேணும்!

நம் சென்னையிலும் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் ஓடியது. தெரு நடுவிலேயே ஓடியதால், நின்றபின் அந்த இடம் பஸ்ஸுக்கும் காருக்கும் போய்விட்டது. பாண்டி பஜாரில் நடப்பவர்களுக்கு அகலமான பாதை வர 2019 ஆயிற்று.

'எங்க ஊர்ல டிராமே ஓடலையே' என்பீர்கள். சுரங்கம் இருக்கிறதே! கல் எடுத்து முடித்தபின் அந்த நிலத்தை எப்படிச் சீர்படுத்துவோம் என்று சுரங்கக்காரர்கள் திட்டம் கொடுக்கவேண்டும் என்பது விதி. லாரி போய் ஓய்ந்த தடத்தில் ஒன்றையாவது அந்தத் திட்டத்தில் நடைபாதை என்று எழுதினால் என்ன?

காசுக்கும் வழி இருக்கிறது. 2015-ல் திருத்திய சட்டப்படி சுரங்கம் உள்ள மாவட்டங்களில் மாவட்ட கனிம அறக்கட்டளை உண்டு. சுரங்கக்காரர்கள் கட்டும் பணம் அதில் சேருகிறது. பாதிக்கப்பட்ட ஊர்களுக்குத்தான் அதைச் செலவிடணும். மருத்துவம், பெண்கள் குழந்தைகள் நலன் எல்லாம் முன்னுரிமைப் பட்டியலிலேயே இருக்கின்றன. தூசியைத் தின்பது நாம், கேட்க உரிமை இல்லையா?

தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நடைபாதைத் திட்டம் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் பலகையைப் பார்த்து லாரி ஒதுங்காது. வண்டியே வராத தனித்தடம் வேணும். விளக்கு, உட்கார நாலு பெஞ்ச், ஒரு கழிப்பறை. (கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் பெண்கள் வரமாட்டார்கள், இதை ஆம்பிளை அதிகாரிகளுக்கு யார் சொல்வது?)

கிராம சபையில் குடிநீர், ரோடு என்றுதான் தீர்மானம் போடுகிறார்கள். வருகிற ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களில் நாமும் நாலு பேராகப் போய், நடைபாதைக்கு ஒரு வரி எழுதச் சொல்லலாமே தோழிகளே!

– ஒரு வாசகி, அரியலூர்