தாயையும் சேர்த்து

சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய வால்டாக்ஸ் சாலையிலும் பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்களிலும் நடைபாதையிலேயே பிறந்து, நடைபாதையிலேயே மணம் முடித்து, அங்கேயே பேரன் பேத்திகளையும் கண்டுவிட்ட குடும்பங்கள் உண்டு என்பதை அவ்வழியே தினமும் போய்வருகிறவர்கள் அறிவார்கள். தெருக்குழந்தை என்றதும் வீட்டை விட்டோடி ரயிலேறி வந்த சிறுவனையே நம் மனம் நினைத்துக்கொள்கிறது. அத்தகையவர்களும் இருக்கிறார்கள், ஆனால் தெருவில் வளரும் குழந்தைகளில் பலருக்குத் தாய் இருக்கிறாள், சற்றுத் தூரத்தில் பூக் கட்டிக்கொண்டோ பழைய காகிதம் பொறுக்கிக்கொண்டோ இருக்கிறாள். அவளைக் கணக்கிலேயே சேர்க்காமல் குழந்தையை மட்டும் கைப்பிடித்து அழைத்துப் போகும் பரோபகாரத்தை என்னால் பூரண தர்மமாக ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நம் நகரத்தில் அபலைகளுக்கு நிழல் தந்த இல்லங்களின் சரித்திரம் பெருமைக்குரியது. பதினோராவது வயதில் மணமாகி, வெகு சீக்கிரத்திலேயே விதவையாகி, தந்தையாரின் துணையால் படித்து 1911-இல் பி.ஏ. பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, தம்மைப் போன்ற பால்ய விதவைகளைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய விடுதி, பிறகு கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று வழங்கிய கட்டடத்தில் வளர்ந்து, மூலையில் முடங்கியிருக்க வேண்டியவர்களை உபாத்தியாயினிகளாக்கி அனுப்பியது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துச் சட்டசபைப் பதவியைத் துறந்த அதே 1930-ஆம் வருஷத்தில், தேவதாசிக் குலத்தில் பிறந்த காரணத்தால் எந்த விடுதியிலும் இடம் கிடைக்காத இளம்பெண்களைத் தம் இல்லத்திலேயே ஏற்றுக்கொண்டார்; அதிலிருந்து முளைத்ததுதான் ஔவை இல்லம். அவருடைய தாயார் சந்திரம்மாளும் அக்குலத்தில் பிறந்தவரே என்பதை நினைக்கும்போது, அந்தக் கதவு திறந்ததில் எத்தனை காலத்து வேதனைக்குப் பதில் இருந்தது என்பது விளங்கும்.

ஆயினும் அந்தப் பெண்களின் நிலைமை வேறு. பிறந்த வீடும் அதைச் சூழ்ந்த ஆசாரமுமே அவர்களுக்குச் சத்துருவாக இருந்தபடியால், அங்கிருந்து அவர்களை வெளியே கொண்டுவருவதே ரட்சணையாக இருந்தது. நடைபாதைத் தாயோ தன் குழந்தைக்குச் சத்துரு அல்ல. இருவருக்கும் பொதுவான சத்துரு வறுமை. "ஹோமில் விட்டிருக்கிறேன், அங்கேயாவது வேளைக்குச் சாப்பிடும்" என்று அவள் சொல்லும்போது, அதை அலட்சியமென்று எண்ணுகிறவர்கள் அவள் முகத்தைப் பார்க்காதவர்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிட விவேகத்தோடு நடந்துகொண்டிருக்கிறது. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது கைக்கொள்ள வேண்டிய கடைசி உபாயம் என்கிறது. வளர்க்க இயலாமல் குழந்தையை ஒப்படைத்துவிட்ட பெற்றோருக்கும் மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொள்ள இரண்டு மாத அவகாசம் தருகிறது. மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில், விதவையாகவோ கணவனால் கைவிடப்பட்டவளாகவோ உள்ள தாயின் குழந்தை அவளோடு இருந்தே வளரும்பொருட்டு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு இடமிருக்கிறது. நகரத்தில் ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு இது உரியது. நடைபாதையில் படுத்துறங்குகிறவளுக்கு அந்த வரம்பு ஒரு தடையே அல்ல.

தடைகள் வேறிடத்தில் இருக்கின்றன. வருமானச் சான்று வேண்டுமென்றால் விலாசம் வேண்டும். விலாசம் வேண்டுமென்றால் வாடகைக்கு ஓர் அறை வேண்டும். சென்னையிலோ ஆறு மாத, பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாளைய வழக்கம். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் உண்கிறவள் அந்தத் தொகையை எந்த ஜன்மத்தில் சேர்ப்பாள்? ஆஸ்பத்திரிகளிலும் அலுவலகங்களிலும் அவளுக்குக் கிடைக்கக்கூடிய துப்புரவு வேலை பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ இருக்கிறது; அங்கன்வாடியோ பகலில் மட்டுமே திறந்திருக்கிறது. இரவெல்லாம் பெண் குழந்தையை நடைபாதையில் யாரிடம் ஒப்படைத்துவிட்டு அவள் வேலைக்குப் போவாள்? அவள் வேலையை மறுத்தால் சோம்பேறி என்கிறோம்; குழந்தையை இல்லத்தில் விட்டால் கல்நெஞ்சக்காரி என்கிறோம்.

பண்டிகை நாட்களில் இல்லங்களுக்குச் சென்று அன்னதானம் செய்யும் நல்லுள்ளங்களை நான் குறைகூற மாட்டேன். அதே செலவில், நாலைந்து நண்பர்கள் சேர்ந்தால் ஒரு தாய்க்கு அறையின் முன்பணத்தைக் கட்டிவிடலாம். வாடகைப் பத்திரத்தை அவள் பெயரிலேயே எழுதச் சொல்லலாம். சாலையில் தனித்துத் தவிக்கும் குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தெரிவிக்கலாம். தாயோடு இருக்கும் குழந்தையானால், ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அத்தாயை அழைத்துப் போய், ஆதரவுத் தொகைக்கான மனுவை எழுதிக்கொடுத்து, குழந்தை நலக் குழுவின் முன் அவள் நிற்கும் நாளில் பக்கத்தில் இருந்து, வங்கிக் கணக்கு தொடங்கும்வரை கூடவே அலைய ஒருவர் வேண்டும். ஓய்வு பெற்ற குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் நிறைந்த ஊர் இது. அவர்களுக்குப் படிவம் நிரப்பவும் தெரியும், அலுவலக வாசலில் பொறுமையோடு காத்திருக்கவும் தெரியும்.