இடிக்காமலும் புதுப்பிக்கலாம்

பழைய அடுக்குமாடிக் குடியிருப்பைச் சீரமைக்க வேண்டும் என்றதும், இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே வழி என்று பலரும் எண்ணுகிறோம். அங்கு குடியிருப்போர் எங்கே போவார்கள் என்ற கேள்வியோ பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. அதை முதலில் வைத்துப் பார்த்த ஒரு முயற்சியைப் பற்றி இன்று சிந்திப்போம்.

பிரான்சின் போர்தோ நகரில் கிரான் பார்க் என்ற பகுதி உள்ளது. 1960களின் தொடக்கத்தில் அங்கு குறைந்த வாடகைக் குடியிருப்புகள் கட்டப்பட்டன. அவற்றுள் மூன்று கட்டடங்கள் 10 முதல் 15 மாடிகள் கொண்டவை. மொத்தம் 530 வீடுகள். சன்னல்கள் சிறியவை, வெளிச்சம் குறைவு. இடித்துவிடலாமா என்ற யோசனையும் எழுந்து, பின்னர் கைவிடப்பட்டது.

ஆன் லகத்தோன், ஜான் பிலிப் வசால் ஆகியோரும் அவர்களோடு சேர்ந்த கட்டடக் கலைஞர்களும் வேறு வழியைத் தேர்ந்தனர். ஆலையிலேயே வார்த்த கான்கிரீட் தூண்களையும் தளங்களையும் கொண்டுவந்து, சாரம் கட்டுவதுபோல், பழைய கட்டடத்தை ஒட்டித் தனியாக நிறுத்தினர். பிறகு பழைய வெளிச்சுவரைத் திறந்துவிட்டனர். இவ்வாறு வீடுகளுக்கு 3.8 மீட்டர் அகலத்தில் கண்ணாடித் தாழ்வாரமும் பால்கனியும் கிடைத்தன. ஒரு தளத்தைப் பொருத்த அரை நாள் போதும். குளியலறைச் சீரமைப்பையும் சேர்த்து, ஒரு வீட்டின் வேலை 12 முதல் 16 நாட்களில் முடிந்தது. மக்கள் தங்கள் வீடுகளிலேயே இருந்தனர். வாடகையும் உயரவில்லை. 2019இல் இப்பணிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் மீஸ் வான் டெர் ரோ விருது வழங்கப்பட்டது. 2021இல் லகத்தோனும் வசாலும் பிரிட்ஸ்கர் விருது பெற்றனர்.

இதில் இயற்கைக்கும் நன்மை உண்டு. குளிர்காலத்தில் கண்ணாடித் தாழ்வாரம் வெயிலின் வெப்பத்தைப் பிடித்து வைப்பதால், வீட்டைச் சூடாக்கும் செலவு குறைகிறது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் வருகிறது. உறுதியான கட்டடத்தை இடிப்பது, அதற்காக முன்பே செலவான அத்தனையையும் குப்பையில் கொட்டுவதாகும்.

எல்லாக் கட்டடங்களுக்கும் இது பொருந்தாது என்பதும் உண்மையே. தூண்கள் அரித்துப்போயிருந்தால் மக்களின் உயிரே முதன்மையானது. சுற்றிலும் இடம் இல்லையென்றால் தாழ்வாரம் சேர்க்க முடியாது. மேலும், போர்தோவில் உரிமையாளர் பொது வீட்டுவசதி நிறுவனம். இலாபம் ஒன்றையே நோக்கும் உரிமையாளர், புதுப்பித்த கையோடு வாடகையை உயர்த்தி ஏழைகளை வெளியேற்றவும் கூடும். தொழில்நுட்பம் மட்டும் ஏழையைக் காப்பதில்லை. அதைக் கையாள்வோரின் மனமும் வேண்டும்.

வீடு என்பது சுவர் மட்டுமன்று. எதிர்வீட்டுப் பாட்டி, மாடிப்படியில் விளையாடும் பிள்ளைகள், அவசரத்துக்கு உதவும் அயலார் எல்லாம் சேர்ந்ததே அது. எனவே, இடிக்கும் முன், காப்பாற்ற முடியுமா என்று ஒருமுறையேனும் கேட்போம். அங்கே வாழ்வோரிடமும் கேட்போம்.