மெதுவாக ஆடுவதா குற்றம்?

2024 மார்ச் 19 அன்று அமெரிக்காவின் டேட்டன் நகரில் நடந்த என்சிஏஏ கல்லூரித் தொடர் ஆட்டத்தின் முதல் பாதியில், வர்ஜீனியா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி 20 நிமிடம் ஆடி எடுத்தது 14 புள்ளிகள். முடிவில் கொலராடோ ஸ்டேட் 67, வர்ஜீனியா 42. அதற்கு ஒரு மாதம் முன்புதான் வர்ஜீனியா டெக்கிடம் 75-41 என்று அடிவாங்கியிருந்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் இதே அணிக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்த பயிற்சியாளர் டோனி பென்னட் மீது ரசிகர்கள் சலித்துக்கொண்டதில் வியப்பில்லை. பட்டத்துக்குப் பின் என்சிஏஏ தொடரில் அவர் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை; 2021இல் ஒஹாயோ, 2023இல் ஃபர்மன் என்று தத்தம் பிரிவில் 13ஆம் தரவரிசையில் பின்தங்கியிருந்த அணிகளிடமே தோற்று வெளியேறினார். கோபம் நியாயமானது. ஆனால், அதற்கு அவர்கள் சொன்ன காரணம் பாதிதான் சரி. ‘இவர் அணி ஊர்ந்து ஆடுகிறது, வேகம்தான் இன்றைய ஆட்டம்’ என்றார்கள். ஊர்ந்தது உண்மை, வீழ்த்தியது அதுவல்ல.

2019ஆம் ஆண்டு அணியையே எடுத்துக்கொள்வோம். கென் பாமராயின் புள்ளிவிவரப் பட்டியலில் அது வேகத்தில் நாட்டின் 353 அணிகளிலும் கடைசி. தாக்குதல் திறனில் இரண்டாமிடம். பந்து கைக்கு வரும் தடவைகள் குறைந்தாலும், வந்த ஒவ்வொன்றையும் புள்ளியாக்கும் கைல் கை, டை ஜெரோம், டிஆண்ட்ரே ஹண்டர் ஆகியோர் இருந்தார்கள். மூவரையும் அவ்வாண்டே என்பிஏ அணிகள் தேர்ந்தெடுத்தன. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! இன்னொன்றும் உண்டு. முந்தைய ஆண்டு, முதல் தரவரிசையில் இருந்துகொண்டு 16ஆம் தரவரிசையில் இருந்த யுஎம்பிசி அணியிடம் 74-54 என்று தோற்றபின், தந்தை டிக் பென்னட்டிடம் கற்ற தாக்குதல் முறையோடு மட்டும் நிற்காமல், எதிரணிக் காவலரை உடலால் மறித்து (திரை போட்டு) பந்து வைத்திருப்பவருக்கு வழிதிறக்கும் முறையையும் டோனி பென்னட் கூடுதலாகக் கையாண்டார். மாறத் தெரியாதவர் என்ற குற்றச்சாட்டுக்கு அந்தப் பட்டமே மறுப்பு.

சிக்கல் அந்தப் பரம்பரை முறைக்குள் இருந்தது. அதில் சிலர் ஓடிக்கொண்டே இருப்பார்கள். உயரமானவர்கள் அவர்களுக்காகத் திரை போட்டு நிற்பார்கள். திரை போடுகிறவருக்குத் தூரத்திலிருந்து எறியத் தெரியாவிட்டால், அவரைக் காவல் காப்பவர் விலகிப்போய் மற்றவர்களின் வழியை அடைத்துவிடலாம். மூன்று புள்ளிக் கோட்டை நம்பி எல்லோரும் களத்தை விரித்து ஆடும் காலத்தில் இது பெரிய இழப்பு. அதோடு, எதிரணி விரைந்து திருப்பி அடித்துவிடக் கூடாது என்று வீரர்கள் முன்கூட்டியே பின்வாங்கிவிடுவதால், தவறிய பந்தை மீண்டும் பிடிக்கும் வாய்ப்பும் போயிற்று. ஹூஸ்டன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் கெல்வின் சாம்ப்ஸனின் அணியும் மெதுவாகவே ஆடுகிறது. ஆனால் அவருடைய வீரர்கள் தவறிய பந்தின்மேல் பாய்கிறார்கள். 2025இல் அந்த அணி இறுதிப் போட்டிவரை போய், ஃபுளோரிடாவிடம் 65-63 என்று இரண்டே புள்ளியில் பட்டத்தை இழந்தது. மெதுவான ஆட்டம் காலாவதியாகவில்லை என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

வீரர்கள் எளிதாகக் கல்லூரி மாறலாம், விளம்பரப் பணமும் பெறலாம் என்றான 2021க்குப் பிறகு, மூன்று நான்கு ஆண்டு ஊறித் தேறும் அணியை யாராலும் கட்ட முடியாதே, பென்னட்டை எப்படிக் குறைசொல்வது என்று அவர் தரப்பில் கேட்பார்கள். வலுவான வாதம். அவர் முறையின் உயிரே பொறுமையான பயிற்சிதான். ஆனால், ஊறிப்போக நேரமில்லாத வீரர்களிடம், நீண்ட பழக்கத்தில் மட்டுமே பலிக்கும் தாக்குதலைக் கொடுத்தது யார்? சூழல் மாறியது அவர் குற்றமல்ல. பழைய முறைக்கே அணி திரும்பத் திரும்பப் போனது அவர் தேர்வு. ‘பார்க்கச் சுவையாக இல்லை’ என்ற புகாரைக்கூட நான் அற்பம் என்று தள்ளமாட்டேன். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவர் ரசிகர்.

2024 அக்டோபரில், சீசன் தொடங்க மூன்று வாரம்கூட இல்லாதபோது, இந்தப் புதிய சூழலுக்குத் தான் பொருத்தமானவரல்ல என்று சொல்லி பென்னட் ஓய்வுபெற்றார். அவருடைய உதவியாளர் ரான் சான்செஸ் பொறுப்பேற்ற அந்த சீசன் 15 வெற்றி, 17 தோல்வி என்று முடிந்தது. பிறகு பல்கலைக்கழகம் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த பயிற்சியாளர் ரயன் ஓடம். 2018இல் யுஎம்பிசியை வைத்து பென்னட்டை வீழ்த்தியவர் அவர்தான்.