பையன் கேட்கும் பெரிய காமிரா: வாங்கலாமா?



பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். "ஐயா, என் இரண்டாவது மகன் படிவம் ஐந்து முடித்துவிட்டான். கல்யாணப் படம் எடுக்கும் தொழிலுக்குப் போகிறேன் என்கிறான். அதற்கு 'ஃபுல் ஃபிரேம்' காமிராதான் வேண்டுமாம். லென்சோடு சேர்த்து ஏழாயிரம் வெள்ளி ஆகுமாம். எங்களிடம் இருப்பதோ மகளுக்காகச் சேர்த்து வைத்த பணம். கைப்பேசியிலேயே படம் நன்றாக விழுகிறதே, இது எதற்கடா என்று கேட்டால் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிடுகிறான். நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்" என்று கேட்டிருக்கிறார்.

ஏழாயிரம் வெள்ளி நமக்குச் சின்னத் தொகை அல்ல. 2025 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளிதான். அந்தக் கணக்கில் நான்கு மாத உழைப்புக்கும் மேல் ஆகிறது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடக் கூடாது என்று, இந்தக் காமிராவை வைத்திருக்கும் சிலரைத் தேடிப்பிடித்துப் பேசினேன். அவர்கள் சொன்னதை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில், 'ஃபுல் ஃபிரேம்' என்றால் என்ன? முழுச்சட்டம் என்று தமிழில் சொல்லலாம். இதன் கதை பழைய பிலிம் சுருளில் தொடங்குகிறது. ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஓஸ்கார் பார்னாக் என்பவர், சினிமாச் சுருளைக் கையடக்கமான ஒரு காமிராவில் போட்டுப் படமெடுக்க வழி கண்டார். சினிமாவில் ஒரு சட்டம் 18க்கு 24 மில்லிமீட்டர். அவர் அதை இரட்டிப்பாக்கி 24க்கு 36 என்று வைத்தார். 1925ல் அந்தக் காமிரா லைகா என்ற பெயரில் கடைக்கு வந்தது. பிறகு உலகமெல்லாம் அந்த அளவே வழக்கமாகிவிட்டது. பட்டணத்திலிருந்து நம் தோட்டத்துத் திருவிழாவுக்கு வந்த படக்காரர்கள் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்களே, அவற்றில் பலவும் இந்த அளவுச் சுருளில் படம் பிடித்தவைதாம்.

சுருள் போய் டிஜிட்டல் வந்தபோது, சுருள் இருந்த இடத்தில் வெளிச்சத்தை வாங்கும் ஒரு தகடு வந்தது. சென்சார் என்பார்கள். அதைப் பழைய அளவிலேயே செய்ய விலை மிகவும் ஏறியது. ஆகவே பெரும்பாலான காமிராக்களுக்குச் சிறிய தகடு வைத்தார்கள். 24க்கு 36 என்ற முழு அளவில் தகடு வைத்தவையே முழுச்சட்டக் காமிராக்கள். 2002ல் முதல் காமிராக்கள் வந்தன. 2005ல் கேனன் 5டி வந்தபோது அதன் அமெரிக்க விலை 3,299 டாலர். அதுவே மலிவு என்று பேசப்பட்டது! 2008ல் நிக்கான் டி700, வீடியோவும் எடுக்கும் கேனன் 5டி மார்க் இரண்டு ஆகியவை வந்தன. 2013ல் உள்ளே கண்ணாடி இல்லாத, எடை குறைந்த சோனி ஏ7 வந்தது.

சரி, தகடு பெரிதாக இருந்தால் என்ன லாபம்? மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் வைத்துப் பாருங்கள். ஒரே மழைதான். ஆனால் வாய் அகன்ற அண்டாவில்தானே தண்ணீர் அதிகம் சேரும்? வெளிச்சமும் அப்படித்தான். மற்றக் காமிராக்களில் சாதாரணமாக இருக்கும் தகட்டைவிட முழுச்சட்டத் தகடு பரப்பில் இரண்டு மடங்குக்கு மேல் பெரியது. கைப்பேசியில் இருப்பது இன்னும் மிகச் சிறியது. பட்டப்பகலில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. பொழுது சாய்ந்த பிறகுதான் தெரியும்.

கெடாவில் கல்யாணப் படம் எடுக்கும் ஒரு தம்பி இதைத்தான் முதலில் சொன்னார். "அண்ணே, முன்பெல்லாம் தீமிதிக்குப் போனால் பிளாஷ் போட்டுத்தான் எடுப்பேன். பிளாஷ் அடித்தால் முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். பின்னால் இருக்கும் நெருப்பின் சிவப்பே தெரியாது. பிளாஷ் இல்லாமல் எடுத்தால் படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருக்கும். இப்போது பிளாஷைத் தொடுவதே இல்லை. தீக்குழியின் வெளிச்சத்திலேயே சாமி வந்தவரின் முகம் விழுகிறது" என்றார்.

பழைய பிலிம் பெட்டியில் 100, 400 என்று எண் போட்டிருக்கும். எண் ஏற ஏற மங்கிய வெளிச்சத்திலும் படம் விழும்; ஆனால் புள்ளிகளும் கூடும். டிஜிட்டல் காமிராவிலும் அதே எண்தான், ஐ.எஸ்.ஓ. என்று பெயர். இந்தத் தம்பி 3200, 6400 என்று வைத்து எடுத்த படங்களைப் பார்த்தேன். கர்ப்பக்கிருக விளக்கு, தீபாராதனைத் தட்டு, கைகூப்பி நிற்கும் பெண்கள் எல்லாம் நாம் கண்ணால் பார்த்தபடியே இருந்தன.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் வேறொன்று சொன்னார். அவர் விடுமுறை நாட்களில் தோட்டத்து லயங்களுக்குப் போய், அங்கே மிஞ்சியிருக்கும் முதியவர்களை அவரவர் வீட்டிலேயே படம் எடுக்கிறார். "லயத்து வீட்டு முன்னறை எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே! பழைய காமிராவில் ஆள் முழுதாக விழ வேண்டும் என்று பின்னால் போனால் முதுகு சுவரில் இடிக்கும். முழுச்சட்டத்தில் அதே லென்ஸ் அகலமாகப் பார்க்கிறது. தாத்தாவும் விழுகிறார், அவருக்குப் பின்னால் சாமிப் படமும் விழுகிறது" என்றார். உண்மைதான். சிறிய தகடு லென்ஸ் காட்டும் காட்சியின் ஓரங்களை வெட்டிவிடும். முழுச்சட்டம் வெட்டுவதில்லை.

ஓய்வு பெற்ற கிராணி ஒருவரின் மகிழ்ச்சி வேறு விதம். எண்பதுகளில் சுருள் காமிராவுக்கு வாங்கிய நிக்கான் லென்ஸ் ஒன்றைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருந்தார். இப்போது பழைய டி700 ஒன்றை வாங்கி அதில் மாட்டியிருக்கிறார். கையால் திருகித்தான் தெளிவு பார்க்க வேண்டும். "பரவாயில்லை, என் சம்சாரத்தைக் கல்யாணமான புதிதில் படம் எடுத்த லென்ஸ் இது. இப்போதும் அவளைத்தான் எடுக்கிறேன்" என்று சிரிக்கிறார்.

நல்லதைக் கேட்டீர்கள். இனித் தொல்லைகளையும் கேளுங்கள். கடிதம் எழுதிய தாயார் இதைக் கட்டாயம் மகனுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

கெடாத் தம்பி, தொழிலுக்கு வந்த முதல் வருடத்தில் நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். முழுச்சட்டக் காமிராவில் லென்சின் துவாரத்தை அகலத் திறந்து வைத்தால், ஆள் மட்டும் தெளிவாகவும் பின்னால் இருப்பது பஞ்சுபோல் மங்கலாகவும் விழும். இளைஞர்களுக்கு அதில் ஒரு மோகம். ஒரு கல்யாணத்தில் அப்படியே வைத்து எடுத்திருக்கிறார். மணப்பெண்ணுக்கு ஓர் அடி பின்னால், பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு பாட்டி நின்றார். காமிராவின் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், மணப்பெண்ணின் நகை பளிச்சென்று இருக்கிறது. பாட்டியின் முகம் புகையாக இருக்கிறது. மூன்று மாதத்தில் அந்தப் பாட்டி காலமாகிவிட்டார். மாலை போட்டு வைக்க வேறு படம் இல்லை. "தம்பி, அதைக் கொஞ்சம் தெளிவாக்கித் தர முடியுமா?" என்று சாவு வீட்டிலிருந்து கேட்டார்கள். "முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை அண்ணே" என்றார். அன்றிலிருந்து நாலு பேர் நின்றாலே துவாரத்தை எட்டாம் எண்ணுக்குச் சுருக்கிவிடுகிறார். வெளிச்சம் குறைந்தால் ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டிக்கொள்கிறார். அதைத் தாங்கத்தானே பெரிய காமிரா!

அடுத்தது செலவு. காமிராவின் விலையோடு கணக்கு முடிவதில்லை. சிறிய தகட்டுக் காமிராவுக்கென்றே செய்த லென்சுகள் உண்டு. கேனனில் அவை 5டி போன்ற முழுச்சட்டக் காமிராவில் மாட்டவே மாட்டா. நிக்கானில் மாட்டும்; ஆனால் படம் வெட்டுப்பட்டுச் சிறுத்துவிடும். மலிவான லென்சைப் போட்டால் படத்தின் நான்கு மூலைகளும் மங்கலாகத் தெரியும், ஏனென்றால் இந்தக் காமிரா மூலைவரை பார்க்கிறது. "காமிராவுக்கு ஒரு பங்கு வைத்தால் லென்சுக்கும் ஒரு பங்கு வையுங்கள்" என்கிறார் கிராணி.

படங்களைச் சேமிப்பதும் ஒரு செலவு. 5டி மார்க் இரண்டில் முழுத்தரத்தில் எடுத்தால் ஒரு படம் ஏறக்குறைய 25 மெகாபைட். ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் படம் என்றால் 25 கிகாபைட். எல்லாவற்றையும் ஒரே ஒரு வட்டில் வைத்திருந்த ஒருவர், அது கெட்டுப்போய் இரண்டு வருடப் படங்களை இழந்திருக்கிறார். எதையும் இரண்டு இடத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, தூசியும் பூஞ்சணமும். தோட்டத்துச் செம்மண் சாலையில் நின்று லென்சைக் கழற்றி மாட்டினால் தூசி உள்ளே போய்த் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் வானத்தில் கறுப்புப் புள்ளி இருக்கும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறித்துவிடும். ரப்பர் ஊதுகுழல் என்று கடையில் கிடைக்கும். அதனால்தான் ஊத வேண்டும். நம் நாட்டுப் புழுக்கத்தில் லென்சுக்குள் பூஞ்சணம் சிலந்தி வலைபோல் படரும். காமிராவைத் தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பதுதான் மிகவும் கெடுதல். காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தாலே போதும். அவ்வப்போது வெளியே எடுத்துப் பயன்படுத்தவும் வேண்டும்.

இப்போது அந்தத் தாயாருக்கு என் பதில்.

அம்மா, உங்கள் மகன் கேட்பது வீண் ஆசை இல்லை. இருட்டுக் கோயிலிலும் மண்டபத்திலும் தொழில் செய்கிறவருக்கு இந்தக் காமிரா நல்ல துணை. ஆனால் ஏழாயிரம் வெள்ளியை எடுத்துக் கொடுக்க வேண்டாம். மகளின் பணத்தைத் தொடவே வேண்டாம்.

முதலில் அவன் ஒரு படக்காரரிடம் ஆறு மாதம் உதவியாளாகப் போகட்டும். பை தூக்கட்டும், விளக்குப் பிடிக்கட்டும். தாலி கட்டும் அந்த ஒரு நிமிடத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காமிரா கற்றுக்கொடுக்காது. கோலாலம்பூர் போன்ற நகரங்களில் காமிராவை நாள் வாடகைக்குத் தருகிறார்கள். ஒரு நிகழ்ச்சிக்கு வாடகைக்கு எடுத்துப் பார்க்கட்டும்.

அதன் பிறகும் ஆசை குறையாவிட்டால், பயன்படுத்திய காமிரா ஒன்றைப் பாருங்கள். முதல் 5டியும் டி700ம் இன்று புதியதன் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. அவற்றில் 12 மெகாபிக்சல்தான் என்று ஏளனம் செய்வார்கள். 12க்கு 8 அங்குலத்தில் ஆல்பம் போட அது தாராளம். இரண்டிலும் வீடியோ கிடையாது. வீடியோவும் வேண்டுமென்றால் மார்க் இரண்டைப் பார்க்கலாம். பழைய காமிராவுக்கு உதிரிப் பாகம் கிடைப்பது சிரமம் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாங்கும்போது நான்கு காரியம் செய்யச் சொல்லுங்கள். இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேட்க வேண்டும். முதல் 5டியின் ஷட்டர் ஒரு லட்சம் படத்துக்கும், மார்க் இரண்டின் ஷட்டர் ஒன்றரை லட்சத்துக்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. லென்சுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துவாரத்தை 16ஆம் எண்ணுக்குச் சுருக்கி வானத்தைப் படம் எடுத்துத் தூசி பார்க்க வேண்டும். முதல் 5டியாக இருந்தால், உட்கண்ணாடி பசை விட்டுக் கழன்றுவிடுவது அதற்கு உள்ள பலவீனம். அதைப் பலப்படுத்திவிட்டார்களா என்று கேட்க வேண்டும்.

கடைசியாக மகனுக்கு ஒரு வார்த்தை. தம்பி, காமிரா எப்போது கைக்கு வருகிறதோ அப்போது முதல் கல்யாணத்துக்குப் போகுமுன் உன் தோட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வா. வயதானவர்களை அவரவர் வாசலில் உட்கார வைத்து, துவாரத்தைச் சுருக்கி, முகம் தெளிவாக விழும்படி ஒவ்வொரு படம் எடு. அதைக் கணினியிலேயே விட்டுவிடாதே. தாளில் போட்டு, பின்பக்கம் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி அவர்கள் கையில் கொடு. எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு மறைந்துவிட்டன. அங்கே வாழ்ந்தவர்களில் பலருக்கு அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு படமே இல்லை. உன் தோட்டத்தில் அந்தக் குறை இருக்க வேண்டாம்.

அம்மா, இன்று இரவு அவனைச் சாப்பிடச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அவன் எடுத்த படம் ஒன்றை எனக்கு அனுப்பி வையுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம். வணக்கம்.