சாதியைக் கேட்டவர்கள் பதில் சொல்லட்டும்
சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிறவன் நான். என் மகன் அக்னிவீர் எழுத்துத் தேர்விலும் உடற்தகுதியிலும் தேறிவிட்டான். மறக்காமல் சாதிச் சான்றிதழ் கேட்டு வாங்கிய ஆள்சேர்ப்பு அலுவலகம், இப்போது போனையே எடுப்பதில்லை, கடிதத்துக்கும் பதிலில்லை. 4 ஆண்டு வேலை. 25 விழுக்காட்டினர் வரைதான் நிரந்தரம். அதற்கே இந்த மௌனம். இடஒதுக்கீடே இல்லாத இராணுவத்துக்கு எங்கள் சாதி எதற்கு?

அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சுபேதார். அந்தப் படைதான் 1890களில் மகார்களுக்குக் கதவை அடைத்தது. மகார்கள் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. மனுமேல் மனு போட்டார்கள். 1941இல் மகார் ரெஜிமென்ட் வந்தது.

நானும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுவிட்டேன். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். தோழர்களே, நீங்களும் போடுங்கள். சாதியைக் கேட்க வாயிருந்தால், பதில் சொல்லவும் வாயிருக்க வேண்டும்.