ஆறடிக்கு நாலடி நிழல்: கற்பிட்டியில் சப்பாத்துத் திருத்துவோரின் கோரிக்கைச் சாசனம்

கற்பிட்டிப் பிரதேச சபைத் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும், பிரதேச செயலாளருக்கும், சமூகப் பாதுகாப்புச் சபைக்கும், கல்வி அமைச்சுக்கும். பிரதி: ஊர்ப் பொதுமக்களுக்கு.

கற்பிட்டிக் கடைத்தெருவிலும் நுரைச்சோலையிலும் பாலாவிச் சந்தியிலும் வீதியோரம் இருந்து சப்பாத்து, செருப்பு, குடை, பாடசாலைப் பை தைப்பவர்கள் நாங்கள். இந்த மண்ணிலே பிறந்தவர்களும் எங்களில் உண்டு. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வள்ளமேறி வந்தவர்களின் பிள்ளைகளும் உண்டு. 2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்த பிறகு 2025 மே 6 தேர்தல் வரை எங்கள் குறையைக் கேட்கத் தெரிவான உறுப்பினர் ஒருவரும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள், எழுதுகிறோம்.

படிவம் நிரப்பும் கந்தோர்களில் எங்கள் தொழிலுக்கு நேரே ‘கூலி’ என்று எழுதிவிடுகிறார்கள். அதனால் முதலில் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல். கொழும்பில் தாங்கும் தையல் கற்பிட்டியில் தாங்காது. உப்பு ஈரத்தில் பருத்தி நூல் இற்றுப்போகும். இரும்பு ஆணி துருப்பிடித்துத் தன்னைச் சுற்றியுள்ள தோலையும் தின்றுவிடும். ஆகவே நைலோன் நூலை மெழுகில் இழுத்துத்தான் தைக்கிறோம். மீன்பிடித் தங்கூசி கடற்கரையில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது தோலை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கடற்தொழிலாளி கொண்டுவரும் செருப்பை முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிட வேண்டும். உப்போடு சேர்த்து ஒட்டினால் மறுநாளே அடி வாய் பிளந்து நிற்கும். “இப்பவே தா, தோணி போகுது” என்று நிற்பவரிடம் இதைச் சொல்லிச் சமாளிப்பதும் தொழிலோடு சேர்ந்ததுதான். காற்றுப் பருவத்தில் கைட் சேர்பிங் விளையாட வரும் வெள்ளைக்காரரின் இடுப்புப் பட்டியைக்கூடத் தைத்துக் கொடுத்திருக்கிறோம். நடுக்கடலில் ஓர் ஆளின் பாரத்தை இழுக்கிற தையல் அது. இதையெல்லாம் கூலி என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கினால் எப்படி?

எனவே முதற் கோரிக்கை: பதிவேடுகளில் ‘சப்பாத்துத் திருத்துநர்’ என்று எழுதுங்கள். ஊரில் சிலர் இன்னும் சாதிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். சாதியைக் காட்டிக் கடையிலும் கோயிலிலும் பாடசாலையிலும் ஆளைத் தடுப்பதை 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் குற்றமாக்கிற்று. வாசலில் தடுப்பது குறைந்திருக்கிறது, வாயால் குத்துவது குறையவில்லை. அரசாங்கக் காகிதமாவது எங்களைத் தொழிற்பெயரால் அழைக்கட்டும்.

இரண்டாவது, இடம். எங்களில் ஒருவர் ஒருநாள் காலை வந்து பார்த்தபோது பெட்டி இருந்த இடம் கூட்டித் துப்புரவாகக் கிடந்தது. யார் எடுத்தார்கள் என்று இங்கே எழுதவில்லை. உளியும் குத்தூசியும் புதிதாக வாங்கலாம். சப்பாத்தைக் கவிழ்த்து ஆணி அடிக்கிற இரும்புக் கால் அவருடைய தகப்பனார் காலத்தது. அது திரும்பி வரவேயில்லை. ஆளுக்கு ஆறடிக்கு நாலடி, மேலே ஒரு தகரம், இரவில் பெட்டியைப் பூட்டி வைக்க ஒரு வளையம், ஆண்டுக்கு ஒரு தரம் பணம் கட்டிப் பெறும் அனுமதிப் பத்திரம். இலவசமாகக் கேட்கவில்லை. பணம் கட்டிய பற்றுச்சீட்டு கையில் இருந்தால் எழுப்ப வருபவரிடம் நீட்டலாம், அவ்வளவுதான். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு நாடெங்குமிருந்து சனம் வந்து மணலில் நடக்கிறது. அறுந்த வாரோடு நிற்பவர்கள் அங்கே எங்களைத் தேடினால் கிடைக்கமாட்டோம், கடைப் பகுதியில் எங்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்படாததால்.

மூன்றாவது, நாங்கள் ஒட்டப் பாவிக்கும் பசையான சொலூஷன். பெரிய ரின்னிலிருந்து சிறு போத்தலுக்கு ஊற்றி விற்கிறார்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று ஓர் எழுத்துக்கூட இல்லை. மத்தியானத்தில் தலையிடி, மாலையில் விரல் நுனி மரத்துப்போதல். சோற்றைப் பிசையும்போது சூடு தெரியாதவர்கள் எங்களில் இருக்கிறார்கள். பென்சீன் கலந்த பசையோடு வேலைசெய்த இஸ்தான்புல் சப்பாத்துத் தொழிலாளருக்கு இரத்தப் புற்றுநோய் வருவதை மருத்துவர் முசாபர் அக்சோய் 1970களிலேயே எழுதிவிட்டார். பசையிலுள்ள ஹெக்சேன் நரம்பைக் கெடுப்பதும் தெரிந்த சங்கதி. அரை நூற்றாண்டு கழிந்தும் எங்கள் போத்தலில் பெயரில்லை. என்ன கலந்தது என்பதை மூன்று மொழியிலும் ஒட்டாமல் விற்கக்கூடாது என்று பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை கட்டளையிட வேண்டும். ஆண்டுக்கொரு தரம் கற்பிட்டி வைத்தியசாலையில் எங்கள் இரத்தத்தையும் நரம்பையும் பார்க்க ஒரு நாள் வேண்டும்.

நான்காவது சிறியது. சிறு பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சு சப்பாத்து வவுச்சர் கொடுக்கிறது. நல்ல காரியம். 2022 நெருக்கடியில் வெள்ளைச் சப்பாத்தின் விலை ஏறியதைப் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். ஒரே சோடியை மூன்று தரம் எங்களிடம் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அந்த வவுச்சரோடு திருத்தக் கூலிக்கென்று ஒரு சிறு துண்டையும் சேருங்கள். புதுச் சப்பாத்து ஆண்டு முடியும்வரை உழைக்கும்.

ஐந்தாவது ஓய்வூதியம். கமக்காரருக்கு 1987இலும் கடற்தொழிலாளருக்கு 1990இலும் ஓய்வூதியச் சட்டம் வந்தது. சுயதொழில் செய்வோருக்கென்று 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் சமூகப் பாதுகாப்புச் சபை அமைந்தது. அதில் நாங்களும் சேரலாம். ஆனால் ஒருநாள் பெட்டியைத் திறக்காவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. கந்தோர் கந்தோராக அலைய முடியாது. மாதத்தில் ஒருநாள் உத்தியோகத்தர் ஒருவர் கடைத்தெருவுக்கு வந்து பதியட்டும், தவணைப் பணத்தில் பாதியை அரசு போடட்டும். நீரிணைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் காலணி, தோல் தொழிலாளருக்கென்றே ஒரு நல வாரியம் இருக்கிறது. இந்தத் தொழிலில் கைக்கு முன் கண் போய்விடும். ஊசியில் நூல் கோர்க்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடத் தொடங்கியவருக்கு நாள் எண்ணத் தெரியும்.

கடைசியாக, அனுபவத்தைப் பார்த்துத் தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்கும் சோதனையைத் தமிழில், கற்பிட்டியிலேயே நடத்துங்கள். எழுத்துச் சோதனை வேண்டாம். ஒரு பிய்ந்த சப்பாத்தைக் கையில் தாருங்கள், போதும்.

பதில் எழுத்தில் வேண்டும், தமிழில் வேண்டும். தபாலில் அனுப்பினாலும் சரி, ஆள் மூலம் பெட்டியடிக்குக் கொடுத்துவிட்டாலும் சரி. காலை எட்டு மணியிலிருந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை அங்கேதான் இருப்போம், அதற்குள் யாரும் எழுப்பாவிட்டால்.