யார் செய்த பாவம் என்று கேளாதிருப்போம்



ஒரு வீட்டில் குழந்தை தீராத நோயோடோ ஊனத்தோடோ பிறந்தால், நலம் விசாரிக்கப் போகிறவர்கள் கையில் பழத்தோடு ஒரு கேள்வியையும் எடுத்துச் செல்கிறார்கள். "இது யார் வழியில் வந்தது?" பல வீடுகளில் விடை முன்னமே முடிவாகியிருக்கிறது: மருமகள் பிறந்த வீட்டு வழியில். இன்னும் சிலர் அதைத் தலைமுறைச் சாபம் என்று பெயரிட்டு, சாபத்தை முறிக்கும் ஜெபத்திற்கு நாள் குறிக்கிறார்கள். யோவான் சுவிசேஷம் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைக் கண்ட சீஷர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று அவர்கள் நீட்டிய இரண்டு விடைகளையும் ஆண்டவர் ஏற்கவில்லை. நாமோ அவ்விரண்டில் ஒன்றை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

பரம்பரையைக் குறித்து இன்று அறியப்பட்டிருப்பவை அந்தப் பிடியைத் தளர்த்தக்கூடியவை. இத்துறைக்கு அஸ்திவாரமிட்டவர் ஒரு துறவி. இன்றைய செக் குடியரசிலுள்ள பிர்னோ நகரில், அகுஸ்தீனியர் மடத்தில் வாழ்ந்த கிரெகர் மெண்டல் 1856 முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து, 1866இல் தம் முடிவுகளை வெளியிட்டார். 1884இல் அவர் மரித்தபோது அவற்றின் பெருமையை உலகம் உணர்ந்திருக்கவில்லை. 1900இல்தான் அவை மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. மஞ்சள் விதைச் செடியையும் பச்சை விதைச் செடியையும் அவர் இணைத்தபோது, முதல் தலைமுறை முழுவதும் மஞ்சளாகவே வந்தது. அடுத்த தலைமுறையிலோ, மறைந்துபோன பச்சை நான்கில் ஒரு பங்காகத் திரும்பி வந்தது. பச்சை அழிந்துவிடவில்லை, ஒளிந்திருந்தது. இவ்வாறு ஒளிந்து வருவதை ஒடுங்கு பண்பு என்கிறோம்.

தலசீமியா என்னும் இரத்த நோய் இவ்விதமாகவே வருகிறது. நம் மரபணுக்கள் பெரும்பாலும் இரண்டிரண்டு படிகளாக இருக்கின்றன. ஒன்று தகப்பன் தந்தது, மற்றொன்று தாய் தந்தது. ஒரு படி மட்டும் பழுதாயிருப்பவர் பொதுவாக நலமாகவே வாழ்கிறார். பலர் அதை அறியாமலே முதுமை அடைகிறார்கள். அப்படிப்பட்ட இருவர் மணம் செய்தால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தை நோயுறுவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. பெற்றோரைப்போல் சுமப்பவராக மட்டும் இருப்பதற்கு நான்கில் இரண்டு. பழுதே இல்லாதிருப்பதற்கு நான்கில் ஒன்று. மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டபடியால் அடுத்த மூன்றும் தப்பும் என்று கணக்கிட முடியாது. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகப் போடப்படுகிறது.

இதைச் சற்று நிதானித்துப் பாருங்கள். இந்நோய் தாயின் வழியில் மட்டுமோ தகப்பன் வழியில் மட்டுமோ வருவதன்று. இரு வீட்டாரும் தலைமுறைகளாக அறியாமல் சுமந்து வந்தது ஒரு குழந்தையில் சந்தித்திருக்கிறது. அங்கே ஒருத்தியை மட்டும் நிறுத்தி நியாயந்தீர்ப்பது அநியாயம்.

எல்லாப் பரம்பரையும் இந்த ஒரே கணக்கில் அடங்குவதுமில்லை. ஹீமோபிலியா பெரும்பாலும் தாய் வழியே மகனுக்கு வருகிறது. விக்டோரியா மகாராணி அதைச் சுமந்தவர். அவருடைய மகன் லியோபோல்டு இளவரசர் 1884இல் கீழே விழுந்து இரத்தப்போக்கினால் மரித்தார். ஆயினும் மகாராணியின் முன்னோரில் அந்நோய் இருந்ததாகத் தெரியவில்லை. இந்நோயுற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் அது இருந்ததில்லை. டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் ஒரு குரோமோசோம் கூடுதலாயிருப்பதே என்று 1959இல் கண்டறியப்பட்டது. பெரும்பாலும் அது முன்னோரிடமிருந்து இறங்கி வருவதில்லை, கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும் வேளையில் நேர்ந்துவிடுகிறது. சர்க்கரை நோயிலோ பல மரபணுக்களோடு நம் உணவும் உழைப்பும் கலந்திருக்கின்றன. பெண்ணாகவே பெற்றுக்கொண்டிருக்கிறாள் என்று மருமகளைக் குறை சொல்லும் மாமியார்மார் இதையும் அறியவேண்டும்: பிள்ளை ஆணா பெண்ணா என்பது தகப்பனின் விந்தணுவினால் அமைகிறது. அதற்காக மகனைக் குறை சொல்லத் தொடங்கவும் வேண்டாம். அவனும் அதைத் தெரிந்தெடுக்கவில்லை.

"மூன்றாம் நான்காம் தலைமுறை என்று வேதத்தில் இல்லையா, ஐயா?" என்று நீங்கள் கேட்கலாம். யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை அடுத்தே, தேவனுடைய இரக்கம் ஆயிரம் தலைமுறையளவு நீளுவதாகவும் எழுதியிருக்கிறது. தன் முந்தின வசனத்தை மட்டும் ஒரு தொட்டிலின்மேல் தொங்கவிட நமக்கு அதிகாரம் இல்லை. எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரத்தையும் வாசியுங்கள். புளித்த திராட்சையைக் குறித்து இஸ்ரவேலர் சொல்லிவந்த பழமொழியை இனிச் சொல்லலாகாது என்று அங்கே கர்த்தர் தடுக்கிறார். மரபணு இறங்கி வரும். குற்றம் இறங்கி வராது. நோயுற்ற பிள்ளைக்காக ஜெபிப்பது நம் கடமை. ஆனால் சாபம் என்று பெயரிட்டு ஜெபிக்கும்போது, அந்தத் தாயின்மேல் இன்னொரு பாரத்தைச் சுமத்துகிறோம்.

அப்படியானால் கைகட்டி நிற்பதா? இல்லை, குற்றம் இல்லாத இடத்திலும் பொறுப்பு உண்டு. நம் தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமான திருமணங்கள் உறவுக்குள் நடக்கின்றன என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. அத்தை மகனும் மாமன் மகளும் தங்கள் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகப் பெற்றிருக்கிறார்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கை. ஆகவே ஒளிந்திருக்கும் பழுது இருவரிடமும் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. பொதுவாக நூற்றில் ஏறத்தாழ மூன்று குழந்தைகளுக்குள்ள பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு, இத்தகைய முறைப்பிள்ளைகளின் திருமணத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் சொத்து வெளியே போகக்கூடாது என்பதற்காக இந்த வாய்ப்பைக் கண்டும் காணாமலும் இருப்பது தகுமா என்பதே என் கேள்வி.

சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் தலசீமியா மரபணுவைச் சுமக்கிறார். அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் திருச்சபை 1980களின் தொடக்கத்தில் ஒரு முடிவு எடுத்தது: சபையில் திருமணம் நடக்கவேண்டுமானால், இருவரும் பரிசோதனை செய்து ஆலோசனை பெற்றதற்கான சான்று வேண்டும். பரிசோதனையின் முடிவு போதகருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. மணப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர்கள் அவ்விருவரே. கருவுற்றபின் செய்யும் பரிசோதனையும் அதைத் தொடரும் முடிவுகளும் மனச்சாட்சிக்குக் கடினமானவை. அவற்றைத் தனியே பேசவேண்டும். ஆனால் உண்மையை மணமேடைக்கு முன்னே அறிந்துகொள்வதில் என்ன இடறல்?

பெண்ணின் சம்பந்தம் தட்டிப்போகும் என்ற அச்சம் நமக்குள் இருக்கிறது. அந்த அச்சத்தினால்தான் எத்தனையோ வீடுகளில் சித்தப்பாவின் நோயும், சிறுவயதில் மரித்த பிள்ளையின் கதையும் மறைக்கப்படுகின்றன. சுமப்பவர் நோயாளி அல்லர். ஒருவர் மட்டும் சுமந்தால் பிள்ளைகளுக்கு அந்த நோய் வராது என்பதால், பெண்ணை மட்டும் சோதிப்பதில் பொருளில்லை, இருவரும் போகவேண்டும். ஆதலால் ஓலை கொடுக்க வருகிறவர்களே, அதற்கு முன்பே இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உறவுக்குள் மணம் பேசுகிறவர்கள், நிச்சயத்திற்கு முன்பே மரபியல் மருத்துவரைக் காணுங்கள். முடிவு உங்கள் இருவருக்குள் இருக்கட்டும். போதகரிடமும் சொல்லத் தேவையில்லை.

ஏற்கெனவே பிறந்திருக்கும் பிள்ளைகளை மறவாதிருப்போம். கடுமையான தலசீமியா உள்ள குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றவேண்டும். அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போகும்போது, யார் வழி என்று கேளாமல், எந்தக் கிழமை மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று கேளுங்கள். இரத்தம் கொடுக்கக்கூடியவர்கள் கொடுங்கள். மற்றவர்கள் அந்தத் தாயோடு அன்று பகல் முழுவதும் உட்கார்ந்திருங்கள்.

இரக்கத்தில் ஐசுவரியமுள்ள தேவன் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாவரையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.